குடை, செருப்பு, வாழை, ரயில், மஞ்சள்

இந்த ஐந்து வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் வேறு பேச்சுப் பேசி, பிறகு "மொதல்ல நான் சொன்னது என்னென்னங்க?" என்று கேட்க வேண்டும். எனக்குக் கிடைத்த வேலையில் முக்கால்வாசி அதுதான். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றவளுக்கு இது ஒன்றும் பெரிய மாற்றமாகத் தெரியவில்லை. பிள்ளைகளுக்குப் பதில் பெரியவர்கள், பாட்டுக்குப் பதில் வார்த்தை, அவ்வளவுதான்.

சேலத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு ஏற்காட்டு மலை ஊர்களுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தது. மறதி நோயை அது முற்றுவதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியுமா, அதற்கு எந்தக் கேள்விகள் இங்குள்ளவர்களுக்குப் பொருந்தும் என்று பார்ப்பது அவர்கள் நோக்கம். நகரத்தில் கேட்கிற கேள்வி இங்கே எடுபடாது. கடிகாரம் வரையுங்கள் என்றால், காப்பி பறித்தே தேய்ந்துபோன, பென்சிலே பிடிக்காத கை என்ன செய்யும்? உள்ளூர்ப் பேச்சு தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைப் பிடித்தார்கள். சும்மா இருந்தால் வீட்டில் இருப்பவர்களைக் குறை சொல்லியே பொழுது போகும் என்று எனக்கும் தெரியும். அதனால் உடனே ஒப்புக்கொண்டேன்.

பயிற்சி கொடுத்தது ஒரு பெண் டாக்டர். என் மகளைவிட ஒன்றிரண்டு வயது கூடுதலாக இருக்கலாம். வார்த்தைகளை ஒரே குரலில், நீட்டாமல், குறைக்காமல், நடுவில் ஒரே அளவு இடைவெளி விட்டுச் சொல்ல வேண்டும் என்றார். என் வாய் கேட்டால்தானே. குடை என்று தொடங்கினால் மஞ்சளுக்குப் போய்ச் சேர்வதற்குள் அது ஒரு பாட்டாகிவிடும். வீட்டில் சொல்லிப் பழகுங்கள் என்று அனுப்பிவிட்டார். வீட்டில் இருந்தது என் கணவர் ஒருவர்தான். வீட்டு ஆளிடம் பழகாதே என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அவர் முன்பு எஸ்டேட் லாரி ஓட்டியவர். பிறகு சொந்தமாக ஒரு பழைய ஜீப் வாங்கி, காலையில் வாழவந்திப் பக்கத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டுபோய்த் தோட்டங்களில் இறக்கிவிடுவார். பறிப்புக் காலத்தில் காப்பி மூட்டையும் ஏற்றுவார். நான் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு அவருக்கு வார்த்தை சொல்வேன். இரண்டு வளைவு தாண்டியதும் திருப்பிக் கேட்பேன். "மளிகைக் கடைக்குப் போயிட்டு வரச் சொல்ற மாதிரி இருக்குது புள்ள" என்று கேலி செய்தவர், கொஞ்ச நாளில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்துவிட்டார். குடை, செருப்பு, வாழை, ரயில், மஞ்சள். என் ராகத்திலேயே சொல்வார். பின்னால் இருக்கும் பெண்களும் சேர்ந்துகொள்வார்கள். வண்டியே சிரிக்கும். அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு எரிச்சலாக வருகிறது.

வீடு வீடாகப் போனபோது எல்லோரும் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறீர்கள், குணமாக்க மருந்து இருக்கிறதா என்பார்கள். கிளியூரில் ஒரு பெரியவர், மறந்துபோவதே ஒரு நிம்மதி, அதையும் கெடுக்க வந்துவிட்டாயா என்று கேட்டார். பயிற்சியில் சொன்ன பதிலைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் சொல்வேன். முழுசாகக் குணமாக்க மருந்து இன்னும் வரவில்லை, ஆனால் சிலருக்குக் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க வைக்கும் மருந்து உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம், காது மந்தம் இதையெல்லாம் சரி செய்தால் மூளைக்கும் நல்லது. வீட்டில் உள்ளவர்கள் முன்கூட்டியே தயாராகலாம், அடுப்பு, கிணறு, வண்டி என்று ஆபத்தான விஷயங்களில் ஜாக்கிரதையாக இருக்கலாம். வண்டி என்று சொல்லும்போது எனக்கு எந்த வண்டியும் ஞாபகம் வந்ததில்லை.

அடுத்த வருடம் காப்பிப் பறிப்பு தொடங்கிய சமயம் ஒரு காலையில், பெண்கள் எனக்குப் போன் செய்தார்கள். வெகு நேரமாக நிற்கிறோம், ஜீப் வரவில்லை டீச்சர் என்றார்கள். அவர் வழக்கமான நேரத்துக்கே கிளம்பிப் போயிருந்தார். அவருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. கடைசியில் அவரே வந்து சேர்ந்து, சிரித்துக்கொண்டே கதை சொன்னார். லாரி ஓட்டிய காலத்தில் வேலை செய்த எஸ்டேட்டின் கேட்டுக்குப் போய்விட்டாராம். அந்த எஸ்டேட்டை விற்று, ரிசார்ட்டாக்கிப் பல வருடம் ஆகிவிட்டது. இவர் அங்கே போய் ஆள் ஏறுவார்கள் என்று காத்திருக்க, வாட்ச்மேன் வந்து எந்த ரூமுக்கு கெஸ்ட் கொண்டுவந்தீங்க என்று கேட்டிருக்கிறார். நானும் சிரித்தேன். ஆனால் அவர் சிரிப்பு சற்று நீளமாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க எல்லாமே சந்தேகமாக இருந்தது. உப்பு டப்பாவைத் தேடினால் பயம். பேரனின் பெயரைச் சொல்ல ஒரு நொடி தாமதித்தால் பயம். ஒரு நாள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார், அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாலையில் பார்த்தால் அவருடையதை முதலில் மாற்றிப் போட்டது நான். மகளிடம் சொன்னேன். அவள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். "அந்த வேலைக்குப் போனதுலருந்து நீ எல்லாரையும் நோயாளியாவே பாக்கறம்மா" என்றாள். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்தது. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு ஒரு முகூர்த்த நாளில் சேலத்தில் ஒரு கல்யாணத்துக்காக மலை இறங்கினோம். வழியெல்லாம் சுற்றுலா வண்டிகள். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறங்கி, பிரேக் சூடேறிப்போய் வளைவில் புகையோடு நிற்பார்கள். அவர்களைக் கண்டாலே இவருக்கு ஆகாது. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்று யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டிருப்பார். அன்றைக்குப் பாதி மலை இறங்கியபோது கருகிய வாசம் வந்தது. முன்னால் போன காரைப் பார்த்து, "பாருங்க, இன்னொருத்தன் நியூட்ரல்ல போறான்" என்றேன். கார் வளைவில் மறைந்தது. வாசம் போகவில்லை. திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஜீப்பின் கியர்க் கம்பிதான் நடுவில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, கியர் போடலீங்களா?" என்றேன்.

அவர் கியரைப் பார்த்தார். கையை அதன் மேல் வைத்தார். கை அங்கேயே நின்றுவிட்டது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. கீழேயிருந்து ஏறி வந்த பஸ் ஒன்று வளைவில் நீளமாக ஹாரன் அடித்தது. அந்தச் சத்தத்தில் அவருக்கு எல்லாம் திரும்பி வந்தது போலிருந்தது, கியரைப் போட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, உறுமிக்கொண்டு வேகம் குறைந்தது. ஓரமாக நிறுத்தி, இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்தார். பிரேக் ஆறும் வரைக்கும் அங்கேயே நின்றோம். கால் மரத்துப்போய்விட்டது, மகளிடம் சொல்லாதே என்று மட்டும் சொன்னார்.

நான் அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தப் பெண்கள்தான் தெரிவார்கள். அதில் மூன்று பேர் என் அங்கன்வாடியில் மூக்கொழுகிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். காலையில் அவர்கள் அவரை நம்பி, தூக்குச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறுகிறார்கள். ஓட்ட வேண்டாம் என்று நான் சொன்னால் அவர் கேட்க மாட்டார். நாற்பது வருடத்தில் நான் சொல்லி அவர் கேட்டது ஒன்றும் எனக்கு ஞாபகமில்லை. ஆனால் டாக்டர் சொன்னால் கேட்பார். டாக்டர் வாயால் சொல்ல வேண்டும் என்றால் பரிசோதனை வேண்டும்.

குழுவின் பரிசோதனை முகாம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. என் கணவர் என்பதால் டாக்டர் தானே உட்கார்ந்து பரிசோதித்தார். நான் பக்கத்து பெஞ்சில் இருந்தேன். இவர் தவறு செய்ய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்படி வேண்டிக்கொள்கிறோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். டாக்டர் வார்த்தைகளைச் சொன்னார், என்ன கிழமை, என்ன மாதம் என்று கேட்டார், சில படங்களைக் காட்டினார். கிழமையில் தடுமாறினார். மாதத்தைத் தமிழில் சரியாகச் சொன்னார். பிறகு டாக்டர் அந்த ஐந்து வார்த்தைகளைக் கேட்டார். இவர் நிமிர்ந்து உட்கார்ந்து மடமடவென்று சொல்லிவிட்டார்.

டாக்டர் சிரித்துவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை, வயதுக்கு ஏற்ற மறதிதான், வார்த்தைகள் அத்தனையும் வந்துவிட்டதே என்றார். ஒரு நொடி என் நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது, பொய் சொல்லவில்லை. அடுத்த நொடியே காதில் உறைத்தது. அவர் சொன்னது டாக்டர் சொன்ன மாதிரி இல்லை. ரயிலுக்கு ஒரு இழுப்பு, மஞ்சளுக்கு ஒரு இறக்கம். தொடையில் விரலால் தாளம். அது என் ராகம். இன்றைக்குக் கேட்டதை அவர் சொல்லவில்லை. போன வருடம் ஜீப்பில் படித்ததைச் சொல்லியிருக்கிறார்.

முகாம் முடிந்து சாமான்களை வேனில் ஏற்றும்போது டாக்டரைத் தனியாகப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜீப், பயிற்சி, பிரேக் வாசம், ரிசார்ட் வாசல். அவர் முகம் மாறியது. கோபித்துக்கொள்ளவில்லை. "மனசுல பதிஞ்ச பழைய பாட்டு கடைசி வரைக்கும் போகாதுங்கம்மா. புதுசா ஒண்ணு தங்குதான்னுதான் நாம பாக்கணும்" என்றார். வேறு வார்த்தைகள் கொண்ட இன்னொரு பரிசோதனை இருப்பதாகவும், சேலம் வந்தால் அதையும் மூளை ஸ்கேனையும் சேர்த்துச் செய்யலாம் என்றும் சொன்னார். ரத்தத்தை வைத்தே முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் வழிகளைப் பற்றி இப்போது நிறைய ஆராய்ச்சி நடக்கிறது, ஆனால் அதை மட்டும் நம்பி ஒருவருக்கு நோய் இருக்கிறது, இல்லை என்று சொல்லிவிட முடியாது என்றார். எனக்கு அதெல்லாம் பாதிதான் காதில் ஏறியது. நாளைக்குக் காலையில் அவர் ஜீப்பை எடுப்பார் என்பது மட்டுமே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

சேலம் போவதற்கு அவர் மறுக்கவே இல்லை. முழு மார்க் வாங்கியவர் அல்லவா. எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கட்டும் என்றார். பஸ்ஸில் போகலாம் என்று கெஞ்சினேன், ஜீப் இருக்க எதற்கு பஸ் என்றுவிட்டார். அன்று மலை இறங்கியது முழுக்க நான் கியர்க் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தேன். வழியில் என்ன இருந்தது, யார் எதிரே வந்தார்கள், எதுவும் தெரியாது. இரண்டாவது கியரில் ஒழுங்காகத்தான் இறங்கினார். ஆனால் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எஞ்சின் சத்தத்தில் முதலில் கேட்கவில்லை. ஒரு வளைவில் வேகம் குறைந்தபோது கேட்டது. வாழை, ரயில், மஞ்சள். வளைவு திரும்பியதும் மறுபடி குடை. அவருக்கும் பயம் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அத்தனை நாளும் நான் ஒருத்திதான் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சேலத்து நெரிசலில் ஓட்டுவது அவருக்கு என்றைக்குமே பிடிக்காது. வழக்கம்போல ஜீப்பை அடிவாரத்தில் தெரிந்த டீக்கடைப் பக்கம் நிறுத்திவிட்டு டவுன் பஸ்ஸில் போனோம்.

இந்த முறை டாக்டர் என்னைப் பின்னால் தள்ளி உட்காரச் சொன்னார். புது வார்த்தைகள் ஐந்தைச் சொன்னார். அவை என்னவென்று நான் இங்கே எழுதப்போவதில்லை. என் கணவர் இதைப் படிக்க மாட்டார், ஆனால் மகள் படித்துக் காட்டிவிடலாம். சொன்னவுடன் திருப்பிச் சொல்லச் சொன்னபோது ஐந்தையும் சரியாகச் சொன்னார். பிறகு வெகுநேரம் வேறு வேலைகள். கட்டைகளை அடுக்குவது, எண்களைப் பின்னாலிருந்து சொல்வது, கோட்டுப் படத்தைப் பார்த்து வரைவது. கடைசியில் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதலில் சொன்ன வார்த்தைகளைக் கேட்டார்.

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார். தொடையில் விரல் தாளம் போட்டது.

"குடை, செருப்பு, வாழை, ரயில், மஞ்சள்."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பாட்டை முழுசாகச் சொல்லி முடித்த பிள்ளைகள் என்னை அப்படித்தான் பார்ப்பார்கள். நான் தலையை ஆட்டினேன். டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டே, "நல்லதுங்கய்யா" என்றார்.

பிறகு இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம், ஸ்கேனும் மற்றவையும் வந்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். சர்க்கரை கூடுதலாக இருக்கிறது, இடது காது மந்தமாக இருக்கிறது, இரண்டையும் முதலில் கவனிக்க வேண்டும். மாத்திரை ஒன்று தொடங்கலாம், போனதைத் திருப்பித் தராது, இருப்பதைக் கொஞ்ச காலம் பிடித்து வைக்கலாம். நான் வீடு வீடாகச் சொன்ன அதே வார்த்தைகள். எதிர்ப் பக்கம் உட்கார்ந்து கேட்கும்போது அவை எவ்வளவு குறைவாக இருக்கின்றன என்று தெரிந்தது. கடைசியாக, இனி வண்டி ஓட்ட வேண்டாம், மலைப்பாதையில் கூடவே கூடாது என்றார். இவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "சரிங்க டாக்டர்" என்றார். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அழுகை வந்தது.

அடிவாரத்தில் இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஜீப் டீக்கடைப் பக்கத்தில் அப்படியே நின்றது. அவர் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். கதவைத் திறந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சண்டையாகிவிடும், சண்டை வந்தால் வீம்புக்காவது ஏறி உட்கார்ந்துவிடுவார். ஏற்காடு பஸ் வந்து நின்றது. அவர் கதவைச் சாத்தினார். சக்கரத்துக்கு ஒரு கல்லை நகர்த்தி வைத்தார். போய் பஸ்ஸில் ஏறினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

ஜன்னல் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். ஒவ்வொரு வளைவிலும் அவர் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. பஸ் பாதி ஏறிய பிறகு, ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"நான் தப்பாச் சொல்லிப்போட்டனா?"

"ஆமாங்க."

"அது பழசா?"

"பழசுங்க."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் சாய்ந்து, பக்கத்து சீட்டுக்குக் கேட்காத குரலில் கேட்டார். "புதுசு என்னன்னு சொல்லு புள்ள. ஒரு வாரம் குடு, படிச்சுப்போடறேன்."

அந்த ஐந்தும் என் நாக்கு நுனியில் இருந்தன. ராகம்கூடத் தானாக வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவர் முகம் மலர்ந்திருக்கும். வீடு போய்ச் சேர்வதற்குள் தாளம் போட ஆரம்பித்திருப்பார். அடுத்த முறை டாக்டர் கேட்கும்போது முழு மார்க் வாங்கியிருப்பார், பெண்கள் தூக்குச் சட்டியோடு பின்னால் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். இந்த மனிதர் என்னிடம் கெஞ்சிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"சொல்ல மாட்டேனுங்க" என்றேன்.

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. அடுத்த வளைவு திரும்பி முடியும் வரைக்கும் காலை அழுத்திக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஜீப் சாவியை எடுத்து என் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"காலையில கேப்பேன். குடுத்துப்போடாத" என்றார்.

காலையில் கேட்டார். டீயைக் குடித்துவிட்டு, சுவரில் சாவி மாட்டும் ஆணியைத் தடவிப் பார்த்தார். சட்டைப் பையைத் தடவினார். அலமாரி மேல் தேடினார். ஜன்னல் ஓரத்தில் போன் அடித்துக்கொண்டிருந்தது. வாழவந்திப் பெண்கள்தான். முதல் பஸ் பிடித்து அடிவாரம் போய் வண்டியை எடுத்து வந்துவிடுகிறேன், சாவி எங்கே என்றார். என்னிடம் இருக்கிறது, கொடுக்க மாட்டேன் என்றேன். அவர் முகம் சிவந்தது. இத்தனை வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. திருடியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஆரு உன்னைய ஒளிச்சு வெக்கச் சொன்னது?"

"நீங்கதாங்க."

"நானா?"

"ஆமாங்க. நேத்து பஸ்ல."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொய் சொல்கிறேனா என்று தேடினார். பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "நானா சொன்னேன்" என்று இன்னொரு தடவை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போன் நின்று, மறுபடி அடித்தது. நான்தான் போய் எடுத்தேன்.

"ஜீப்பு இனி வராது கண்ணு" என்றேன். "பஸ்ல போயிருங்க."